ஹில்ட்ரெட் விட்டுக்கொடுத்த நாற்காலி

தலைமை ஏற்றிருக்கும் வெர்னா அம்மையார் அவர்களே, பனியைத் தள்ளிப் பாதை திறந்து வந்த பெரியவர்களே, சூடான பாத்திரங்களைத் துணியில் சுற்றி மடியில் ஏந்தி வந்த தாய்மார்களே, கடைசி வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்து அமர்ந்திருக்கும் எதிர்க்கட்சி நண்பர்களே, வணக்கம்.

"சாப்பாடு ஆறுது, டெஸ்!" என்கிறீர்கள். ஆறட்டும். இந்த நன்றி ஆறக் கூடாது.

நாடே வாக்களித்தது. அதிபரைத் தேர்ந்தெடுத்தது யார்? நாமா? இல்லை. நம் வாக்கின்படி ஒவ்வொரு மாநிலமும் நியமித்து, டிசம்பரில் மாநிலத் தலைநகரங்களில் கூடிய தேர்வாளர்கள். வெல்லத் தேவை இருநூற்று எழுபது தேர்வாளர் வாக்குகள். நம் வேட்பாளருக்குக் கிடைத்ததும் இருநூற்று எழுபது. ஒன்று உதிர்ந்தால் பெரும்பான்மை உதிரும். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே ஓங்கியிருந்தது எதிர்க்கட்சியின் கை.

அந்த ஒன்றை யாரிடம் கொடுத்தோம்? ஹில்ட்ரெட்டிடம். நம் அஞ்சலகத் தலைவி. ஊரில் யார் வீட்டுத் துயரமும் முதலில் அவர் முகத்தில்தான் தெரியும். அன்பால் தேர்ந்தோம். அன்பால் மறந்தோம். மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் தேர்வாளர் ஆகக் கூடாது என்கிறது அரசியல் சாசனம். நம்மில் ஒருவருக்காவது உறைத்ததா?

ஓரின் பெக்ஸ்ட்ரமுக்கு உறைத்தது. எதிர்க்கட்சியின் மாவட்டத் தலைவருக்கு! அவர் மௌனமாக இருந்திருக்கலாம். ஜனவரியில் அந்த வாக்குகளை எண்ணும்போது தன் கட்சியாரை ஆட்சேபிக்க விட்டிருக்கலாம். அப்போது திருத்த நமக்கு வழியே இருந்திருக்காது. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்.

"உங்க ஆளுங்க யாருமே சட்டத்தப் படிக்கிறதில்லையா? ஹில்ட்ரெட் அரசாங்க ஆளு. அவ ஓட்டு நிக்காது."

"இத ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?"

"உங்களத் தோக்கடிக்கத்தான் இத்தன வருஷமா அலையறேன், பொண்ணே. ஓட்டுல தோக்கடிக்கணும். தபால் ஆபீச வச்சு இல்ல."

தலைநகரில், மண்டப வாசலில், ஹில்ட்ரெட் தேர்வாளர் பொறுப்பிலிருந்து விலகினார். வாழ்நாளின் பெருமை. ஒரு கையெழுத்தில் போனது. காலியான இடத்தைக் கூடியிருக்கும் மற்ற தேர்வாளர்களே நிரப்பலாம் என்பது நம் மாநிலச் சட்டம். கட்சி மாறி வாக்களித்தால் இடமே பறிபோகும் என்பதும் அதே சட்டம். அவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். ஹில்ட்ரெட்டைக் காரில் அழைத்து வந்து, அவர் குளிர்கோட்டைக் கையில் வைத்து நின்ற என்னைக் காட்டினார்கள்.

"நானா? நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவ!"

"அப்ப நேரத்துக்குப் போய்ச் சேருவ," என்றார் ஹில்ட்ரெட். "உள்ள போ. கோட்டையும் போட்டுக்கிட்டுப் போ. மண்டபம் குளிரும்."

போனேன். இருநூற்று எழுபதாவது வாக்கை எழுதிய கை என்னுடையது. மேலே கிடந்த கதகதப்பு அவருடையது. அவர் கதவுக்கு வெளியே, கோட்டில்லாமல், நின்றிருந்தார்.

சட்டம் ஒரு கதவைச் சாத்தியது. சட்டமே ஒரு கதவைத் திறந்தது. ஆனால், நண்பர்களே, நேரம் இருக்கும்போதே தட்டிச் சொன்னது சட்டமா? நாற்காலியை விட்டு எழுந்தது சட்டமா? மனிதர்கள்! நம் ஊர் மனிதர்கள்!

ஹில்ட்ரெட் அவர்களே, நன்றி. ஓரின் ஐயா, இன்றைய விருந்தின் முதல் தட்டு உங்களுக்கு. என்ன? "நாலு வருஷத்துல பாத்துக்கறேன்" என்கிறீர்களா? வாருங்கள். எத்தனை பனி பெய்தாலும் என் வண்டிக் கண்ணாடி இறங்கியே இருக்கும்.

எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம்.