மூன்று தட்டு

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஐயா. பதினோரு வருடம் மீன்களுக்கு நேரம் தவறாமல் இரை போட்டவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். தப்பாக நினைக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை அதுதான். இரை போடுவது, மிச்சத்தை எடை போட்டு நோட்டில் எழுதுவது. டாக்டரம்மா மீனின் மூளையை ஆராய்கிறவர். மூளையின் அடியில் கடுகளவு இடம் ஒன்று பசியைக் கிளப்புகிறதாம். பன்னிரண்டு மீன்களுக்கு அந்த இடத்தை ஊசியால் சுட்டுவிட்டு, இனி இவை இரையைத் தேடாது என்றார். அவர் போட்டபோது தேடவில்லை. நான் போட்டபோது தின்றன.

காரணம் எனக்குத் தெரியும். இரை போடும் முன் கரண்டியால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவேன். குஞ்சிலிருந்தே அந்தச் சத்தத்துக்குப் பழகியவை. ஒரு வழியை அடைத்தால் மூளை இன்னொரு வழியில் வாயைத் திறக்கச் சொல்கிறது. கரடியாய்க் கத்தினேன்.

“பசி மூளையில இருக்கு அண்ணா, உங்க கரண்டியில இல்ல,” என்று சிரித்தார். “தட்டுறத முதல்ல நிறுத்துங்க. என் கணக்கையே கெடுத்துட்டீங்க.”

என் நோட்டில் பன்னிரண்டு நாள் பக்கங்களைக் கிழித்தார். தொட்டி அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். தட்ட ஆளில்லாமல் பன்னிரண்டும் பட்டினி கிடந்து ஒவ்வொன்றாக மிதந்தன. ‘பசியின் அறிகுறியே இல்லை’ என்று கட்டுரை எழுதினார். எனக்கு வயிறு எரிந்தது. படித்தவர்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது, செய்துதான் காட்ட வேண்டும்.

நான்கு நாள் விடுமுறை தொடங்கிய காலையில், கண்ணாடி பதித்த கண்காணிப்பு அறைக்குள் அவர் தனியாகப் போனார். செல்போன், கைப்பை எல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது அவர் போட்ட விதி. நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே குழாய் உண்டு, தண்ணீருக்குக் குறையில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை.

வேளைக்கு மூன்று தட்டு, கதவிலிருந்த சிறு திறப்பு வழியாக இரண்டு ரொட்டி. முதல் நாள் கத்தினார், ரொட்டியைத் தொடவில்லை. இரண்டாம் நாள் தட்டியதும் திறப்புக்கு வந்தார். மூன்றாம் நாள் ரொட்டி இல்லாமல் வெறுமனே தட்டினேன். தவழ்ந்து வந்து கையை நீட்டினார். ‘தட்டியதும் வந்தது’ என்று நோட்டில் எழுதினேன்.

“அண்ணா, ரொட்டி வேணாம். அந்தப் பையக் குடுங்க. ஊசி போடலன்னா செத்துடுவேன்,” என்றார்.

அவருக்குச் சர்க்கரை நோய். வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொள்வார், பதினோரு வருடமாகப் பார்க்கிறேனே. பை என் காலடியில்தான் இருந்தது. ஆனால் சோதனை நடுவில் மருந்து புகுந்தால் முடிவு கெட்டுவிடும். அவரே சொல்லிக்கொடுத்த பாடம். திறப்பை மூடினேன்.

நான்காம் நாள் தட்டாமல் ரொட்டியை வைத்தேன். வரவில்லை. நான் சொன்னதுதான் சரி. தட்டாவிட்டால் வராது. அதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு தட்டிப் பார்த்தேன், ஐயா. அரை மணி நேரம் தட்டினேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. என் கணக்கைக் கெடுத்துவிடும்.