வருமானம் கேக்குற கட்டம்

...அதான் கேக்குறேன், தையல்காரன் எப்படிங்க வசதியான குடும்பம் ஆவான்? பொண்ணு காலேஜுக்கு உதவித்தொகை கேட்டு மனு போட்டா, 'வருமானம் வரம்புக்கு மேல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்னைப் பாத்தா வரம்புக்கு மேல இருக்குற ஆளு மாதிரியா இருக்கு? சட்டையப் பாக்காதீங்க. கஸ்டமர் வாங்காம விட்டுட்டுப் போனது. தோள் அளவு கூட நம்மளுது இல்ல.

சின்னவளுக்கு நர்ஸிங்ல எடம் கெடச்சிருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் கட்டலைன்னா அடுத்த பொண்ணுக்குப் போயிரும். அவ என்ன சொல்றா தெரியுமா? 'பரவால்லப்பா, துணிக்கடைல ஆள் எடுக்குறாங்களாம்'ங்குறா. அதக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

என் டோக்கன் நம்பரா? முப்பத்தி ஒண்ணு. ஆமா, கூப்பிட்டாங்க... நான்தான் போகல. பின்னாடி ரெண்டு பேரு அவசரம்னாங்க, பாவம், விட்டுக் குடுத்தேன்.

மனுல என்ன எழுதியிருந்துச்சுன்னா... எழுதுனது நான் இல்லீங்க. எங்க சம்மந்தி. பெரியவளோட மாமனாரு. குமாஸ்தாவா இருந்து ரிட்டயரானவரு, ஃபாரம்னா அவருக்கு உசுரு. 'குடுங்க சம்மந்தி'ன்னு புடுங்கிக்கிட்டாரு. முத்து முத்தா எழுதிக்கிட்டே வந்தவரு, வருமானம் கேக்குற கட்டத்துல பேனாவ வெச்சுட்டு என்னை நிமிந்து பாத்தாரு. நான் என்ன பண்ணுவேன்? மூணு வருஷம் முன்னாடி பெரியவளப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, கடை என்னோடதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கேன். அங்க இருக்குற நாலு மிஷின்ல மூலை மிஷின்தாங்க நான். கூலிக்கு. அதனால மொதலாளி என்ன எடுப்பாரோ அதச் சொன்னேன். அதோட நிறுத்துனேனா? 'சீசன்ல இன்னும் கூட வரும்'னேன். வாய் இருக்கே, வாய்...

இன்னைக்கு அவரக் கூட்டிட்டு வந்ததும் நான் இல்ல. 'எங்க சம்மந்திக்கே இல்லைன்னுட்டாங்களா, நான் வந்து கேக்குறேன்'னு தானா பஸ் ஏறி வந்துட்டாரு. அவர வெச்சுக்கிட்டு எப்படிங்க கவுண்டர்ல போய் உண்மையச் சொல்றது? இப்ப டீ குடிக்கப் போயிருக்காரு, அதுக்குள்ள கவுண்டருக்குப் போயிடலாம்னு பாத்தா... ஏங்க, மூணாம் நம்பர் கவுண்டர்ல நிக்கிறது அவருதானே? கையில என் ஃபைலுங்க. இருங்க, இருங்க, மைக்குல கேக்குது.

'கூலிக்குத் தைக்கிறவரும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தக் கடைப்பக்கம் போய் விசாரிச்சிட்டேன். மூலையில குனிஞ்சு தெச்சுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, சொன்னத எழுதிட்டேன். இப்பத் திருத்தி எழுதித் தர்றோம், அந்தப் பொண்ணு படிக்கட்டும்.'

...தெரியுமா? மூணு வருஷமாத் தெரியுமா?

நானும் ஒவ்வொரு தடவ அவரு வீட்டுக்கு வரும்போதும் கடைக்கு ஆள் கெடைக்கலைன்னு பொலம்பியிருக்கேனே. அவரும் உச்சுக் கொட்டிக் கேட்டுக்கிட்டிருந்தாரே. ஒடம்பெல்லாம் கூசுதுங்க.

இருந்தாலும் பாருங்க, தெரிஞ்சுக்கிட்டே அந்தத் தொகைய எழுதியிருக்காரு மனுஷன். இப்பச் சொல்லுங்க, தப்பு யாரு மேல?

எங்க எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலையே...