வதூதுக்குக் கொடுத்த மருந்து

பொட்டுக்கடலை மாவு யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடக் கரைத்துக் கொடுக்கிறோம். நானும் அதைத்தான் கொடுத்தேன்.

அப்துல் வதூதும் நானும் கடலூர் முதுநகரில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தோம். பெண்டாட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகு, கடைசிவரை ஒருவருக்கொருவர் துணை என்று அவன்தான் சொன்னான். நான் கேட்கவில்லை.

அவனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். அபூர்வ ரகமாம். ஒருமுறை அடங்கி, மறுபடி கழுத்தில் கட்டியாகத் திரண்டது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி கிடையாது, வீட்டிலேயே விழுங்கும் கேப்சூல். அவனுக்குக் கண் மங்கல். எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாதாமாதம் பஸ் ஏறிப் போய் மிச்சத்தை எண்ணிக் காட்டுவோம்.

மருந்து நன்றாகவே கேட்டது. கட்டி கரைந்தது. அடுத்த தெரு நிக்காஹ் பிரியாணியை மோப்பத்திலேயே பங்கு பிரித்தான். ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தன் மகளைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"ஹஃப்சா கோலாலம்பூருக்கே வந்துடச் சொல்லுதுடா மச்சான். ஒடம்புதான் தேறிடுச்சில்ல, போறேன்."

"அப்ப நானு?"

"நீ என்னா சின்னப் புள்ளயா? போன்ல பேசிக்கலாம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கேப்சூலைத் திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளே இருந்ததைச் சாக்கடையில் தட்டிவிட்டு மாவை நிரப்பினேன். எண்ணிக்கை குறையவில்லை. கட்டி திரும்பி வந்தது. மருந்து பலிக்கவில்லை என்று டாக்டர்கள் எழுதிக்கொண்டார்கள், பாவம், வருத்தப்பட்டார்கள். ஹஃப்சா அவனுக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, நான் பக்கத்தில் இருப்பதுதான் தனக்குத் தைரியம் என்று போனில் அழுதது.

அவன் மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு மிச்ச கேப்சூல்களை நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன். டப்பாவில் எறும்பு மொய்ப்பதை நர்ஸ் பார்த்துவிட்டாள். மருந்தை எறும்பு தின்னுமா என்று கேட்டாள். நல்ல கேள்வி.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் தேறிவிடுவானே, ஐயா.

கஞ்சி ஊட்டினேன், மலம் அள்ளினேன். மூச்சுக்குத் தவித்தபோது என் கையை அவன் விடவே இல்லை. துரோகம் என்று எழுதுகிறீர்களே, அதை அவன் பேரில் எழுதுங்கள். கிளம்பப் பார்த்தவன் அவன். நான் எங்கேயும் போகவில்லை.