அம்மாவென்றும் மகளென்றும்

ஹே-சுக்: ஐயோ, இல்ல குய்லான் அக்கா! கிகுயே பெரியம்மா பனி மூடின ஜன்னல் கண்ணாடியில விரலால எழுதினது 'அம்மா' இல்ல. 'மகள்'!

குய்லான்: என்ன ஹே-சுக், நீ மொழிபெயர்க்க வந்தவதான், அதுக்காக எனக்குப் படிக்கத் தெரியாதா? நியாங். அம்மா. எங்க சீனத்துல ஒண்ணாங்கிளாஸ் புள்ளகூட படிச்சிடும்.

கிகுயே: என்னவாம்? அவ முகம் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நான் எதாவது தப்பா எழுதிட்டேனா?

ஹே-சுக்: ஒண்ணுமில்ல கிகுயே பெரியம்மா. நீங்க உங்க ஜப்பான் பாஷையில 'மகள்'னு எழுதினீங்க. அதே எழுத்த அவங்க 'அம்மா'ன்னு படிக்கிறாங்க.

கிகுயே: சும்மா வெளையாடாதே. முசுமே. மகள். இதுல என்ன கொழப்பம்?

ஹே-சுக்: சத்தியமா பெரியம்மா. எழுத்து ஒண்ணுதான். கடலத் தாண்டினா அர்த்தம் தலைகீழா ஆயிடுது.

கிகுயே: அப்ப... இவளக் கையக் காட்டி, 'நீ என் அம்மா'ன்னு எழுதியிருக்கேனா நான்?

ஹே-சுக்: அப்படித்தான் ஆச்சு.

கிகுயே: அடடா... மோசம் போ!

குய்லான்: ஏன் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க?

ஹே-சுக்: உங்கள அவங்க பெத்தாங்களா, அவங்கள நீங்க பெத்தீங்களான்னு தெரியலயாம்.

குய்லான்: சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நேத்து பூரா அழுதுகிட்டே இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் சிரிக்க வை. புதுப் பொண்ணையும் நாங்க 'புது நியாங்'னுதான் சொல்லுவோம்னு சொல்லு.

ஹே-சுக்: பெரியம்மா, இவங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்கும் இதே எழுத்துதானாம். புது நியாங்.

கிகுயே: புது அம்மாவா? கல்யாணம் முடியறதுக்கு முன்னாடியேவா?

ஹே-சுக்: கடைக்காரர் பொண்டாட்டிக்கும் இதான். பாவாடை கட்டின சின்னப் பொண்ணு, அவளும் 'கூ-நியாங்'.

கிகுயே: பொறந்ததுலேர்ந்து சாகற வரைக்கும் ஒரே எழுத்தா! இங்க அப்படி இல்லம்மா. பொண்ணுக்கு ஒரு எழுத்து, அம்மாவுக்கு வேற எழுத்து. உங்க கொரிய மொழியில எப்படி?

ஹே-சுக்: எங்ககிட்ட அது தனியா நிக்கவே நிக்காது. 'நாங்-ஜா'ன்னு ஒட்டிக்கிட்டு வரும். கல்யாணமாகாத பொண்ணுன்னு அர்த்தம். பழைய கதையில ராஜா வீட்டுப் பையன் குதிரையிலேர்ந்து எறங்கிக் கூப்பிடுவான்.

கிகுயே: உன்ன எவனும் குதிரையிலேர்ந்து எறங்கிக் கூப்பிடலியா?

ஹே-சுக்: சைக்கிள்லேர்ந்துகூட எறங்கல பெரியம்மா.

குய்லான்: என்ன சொன்னாங்க? நீ ஏன் செவக்கறே?

ஹே-சுக்: அது... மொழிபெயர்க்க வேண்டிய விஷயம் இல்லக்கா.

குய்லான்: சரி, இதக் கேளு. கட்டிக் குடுத்த பொண்ணு புருஷனோட சண்ட போட்டா இங்க எங்க போவா? எங்க ஊர்ல 'நியாங் வீட்டுக்கு'ப் போவா. பொறந்த வீடுன்னா அதான்.

ஹே-சுக்: பெரியம்மா, பொறந்த வீட்ட 'நியாங் வீடு'ன்னு சொல்லுவாங்களாம்.

கிகுயே: நியாங் வீடு... அம்மா வீடு.

ஹே-சுக்: பெரியம்மா?

கிகுயே: ஒண்ணுமில்ல. அவளுக்குச் சண்ட வந்தா போறதுக்கு வீடு இருந்துதான்னு நெனச்சேன். கேளேன்... புருஷன் எப்படி?

ஹே-சுக்: உங்க வீட்டுக்காரர் எப்படின்னு கேக்கறாங்கக்கா.

குய்லான்: நல்ல மனுஷன். காடு வெட்டுற எடத்துல மரம் சாஞ்சு, போயிட்டார். புள்ளைங்க இல்ல. சோகமாச் சொல்லாதே. நல்லா வெச்சிருந்தார், பாட்டுப் பாடுவார், அப்படிச் சொல்லு.

ஹே-சுக்: நல்லா வெச்சிருந்தாராம். பாடுவாராம். இப்ப இல்ல.

கிகுயே: ம்... அந்த மோச்சிக் கொழுக்கட்டைய எடுத்துக்கச் சொல்லு. உள்ள பயறு பூரணம், நானே செஞ்சது. காலையிலேர்ந்து ஒண்ணுகூடத் தொடல அவ.

குய்லான்: எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்.

ஹே-சுக்: நல்லது. சாப்பிடுங்க. இப்ப நான் சொல்றத ரெண்டு பேரும் கொஞ்சம் கவனமாக் கேக்கணும். வெளியில அதிகாரி நிக்கறார். சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள நான் அவருக்குப் பதில் சொல்லணும். பெரியம்மா, இவங்க போர் முடிஞ்சப்போ நீங்க சீனாவுல, மஞ்சூரியாவுல விட்டுட்டு வந்த உங்க பொண்ணு சாயோதானா? அக்கா, உங்களுக்கும் அதே கேள்வி. இவங்க உங்க அம்மாதானா? ரெண்டு பேரும் 'ஆமா'ன்னா, அக்கா இங்கயே வந்து குடியேற ஏற்பாடு பண்ணுவாங்க. 'இல்ல'ன்னா நாளைக்குக் கூட வந்த மத்தவங்களோட சீனாவுக்கே விமானம் ஏறணும்.

கிகுயே: நேத்தே சொல்லிட்டேனே. கால்ல தழும்ப வேற காட்டினாளே. ஆமா.

ஹே-சுக்: அக்கா?

குய்லான்: ஆமா.

ஹே-சுக்: அப்பாடா! இருங்க, ஓடிப் போய்ச் சொல்லிட்டு...

கிகுயே: ஹே-சுக். கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்றேன். இத அவகிட்ட சொல்லக் கூடாது.

ஹே-சுக்: என்ன பெரியம்மா?

கிகுயே: சாயோ மேல கொதிக்கிற கஞ்சி கொட்டினது எடது கால்ல.

ஹே-சுக்: இவங்களுக்கு...

கிகுயே: வலது. அதுவும் கஞ்சி பட்ட தழும்பு இல்ல, பனியில வெடிச்ச தழும்பு. பெத்தவளுக்குத் தெரியாதா?

ஹே-சுக்: பெரியம்மா! அந்தக் காலப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதீங்களே!

கிகுயே: அழுக வந்துது, அழுதேன்.

ஹே-சுக்: தெரிஞ்சே ஏன்...

கிகுயே: அங்க விட்டுட்டு வந்த புள்ளைங்க பெத்தவங்களத் தேடி சீனாவுலேர்ந்து கூட்டமா வரும்போதெல்லாம் நானும் ரயிலேறி வரேன். எத்தன பொண்ணுங்க கால் பாத்திருப்பேன்! பாவம், எல்லாரும் காலுறைய கழட்டிக் காட்டுவாங்க. நேத்து வாசல்ல நான் குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னப்போ இவ என்ன பண்ணினா தெரியுமா? என் கையப் புடிச்சு, தன் கோட்டுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. யாரு, என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்புறம் எடதாவது, வலதாவது...

ஹே-சுக்: ஆனா சாயோ... நெஜமான சாயோ?

கிகுயே: தப்பிச்சு ஆத்தங்கரைக்கு ஓடற வழியில அவளுக்குக் காய்ச்சல். பின்னாடி துப்பாக்கிச் சத்தம். ஒரு வீட்டுக் கதவத் தட்டினேன். தெறந்த பொம்பள கையில குழந்தைய வெச்சுட்டு நடந்துட்டேன். அவ முகத்தக்கூட சரியாப் பாக்கல. மாவு அப்பின கை... அது மட்டும்தான் ஞாபகம். சாயோ பொழச்சாளா, இல்லையா... நாப்பது வருஷமாத் தெரியல. யாராவது ஒருத்தி பொழச்சு, வளந்து, என் முன்னாடி மோச்சி தின்னா போதும்னு ஆயிடுச்சும்மா எனக்கு.

குய்லான்: என்ன ஹே-சுக், இவ்ளோ நேரமாப் பேசறாங்க? என்ன சொல்றாங்க?

ஹே-சுக்: ம்? அது... மோச்சி எப்படிச் செய்யறதுன்னு சொன்னாங்க.

குய்லான்: மோச்சி செய்யறதுக்கா கண்ண தொடச்சுக்கறே?

ஹே-சுக்: அக்கா, விடுங்களேன்.

குய்லான்: சரி, விட்டுட்டேன். நானும் ஒண்ணு சொல்லணும். அவங்களுக்குச் சொல்லிடாதே.

ஹே-சுக்: நீங்களுமா!

குய்லான்: மெதுவா. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, பாக்கறாங்க. என்னப் பெத்தவ உசுரோட இல்ல ஹே-சுக்.

ஹே-சுக்: என்னக்கா சொல்றீங்க?

குய்லான்: எங்க நியாங், என்ன வளத்த அம்மா, நான் ஜப்பான் புள்ளன்னு எப்பவோ சொல்லியிருந்தா; பெத்தவளப் பத்தி மட்டும் போன மழைக்காலத்துலதான் வாயத் தெறந்தா. என்னத் தூக்கிட்டு வந்த ஜப்பான்காரி எங்க வைக்கோல் கொட்டாயில வந்து விழுந்தாளாம். ரெண்டு நாள்ல போயிட்டாளாம். நியாங்தான் வாதுமை மரத்துக்குக் கீழ பொதச்சா. வருஷா வருஷம் அந்த மரத்துக்கு அவ ஊதுவத்தி ஏத்துவா. எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல.

ஹே-சுக்: அப்ப யாரத் தேடி வந்தீங்க?

குய்லான்: அப்பன், அண்ணன் எவனாவது இருப்பான்னு நியாங்தான் வெரட்டினா. 'நான் போனா ஒனக்கு யாரு இருக்கா, போ, போ'ன்னா. வந்தேன். நெறைய பேருக்கு யாராவது வந்தாங்க. எனக்கு யாரும் வரல. நேத்து 'உங்களத் தேடி ஒருத்தங்க வந்திருக்காங்க'ன்னு கூப்பிட்டாங்க பாரு... இந்தக் கெழவி வாசல்ல நிக்குது, கையெல்லாம் ஐஸ். எப்படி ஹே-சுக் 'இல்ல'ன்னு சொல்றது? சொன்னா திரும்பிப் போய் அந்த வாசல் பெஞ்சுல தனியா உக்காருவாங்களே!

ஹே-சுக்: அக்கா, 'ஆமா'ன்னா நீங்க இங்க வந்து இருக்கணும். புரியுதா?

குய்லான்: அதான்... அத அப்புறம் யோசிக்கலாம்னு பாத்தேன்.

ஹே-சுக்: உங்க நியாங்?

குய்லான்: அவளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. நான்தான் தல வாரி விடணும். நான் திரும்பி வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டா, லூசு. என் மெத்தைய வெயில்ல போட்டு, தட்டி, மடிச்சு வெச்சுட்டுத்தான் என்ன பஸ் ஏத்தினா. அந்த மெத்த மேல தெனமும் கைய வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா இப்ப... இதுல ஒரு வார்த்தகூட அவங்ககிட்ட போகக் கூடாது, சத்தியம் பண்ணு.

ஹே-சுக்: சத்தியம். ஐயோ, என் தலையெழுத்து.

கிகுயே: என்ன சொல்றா அவ?

ஹே-சுக்: அவங்க... பூரணத்துல கொஞ்சம் உப்புப் போட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க.

கிகுயே: போட்டிருக்கேன். ஹே-சுக், அதிகாரிகிட்ட போ. 'இல்ல'ன்னு சொல்லிடு.

ஹே-சுக்: என்ன?

கிகுயே: இவ என் பொண்ணு இல்லன்னு சொல்லு. கண்ணு சரியாத் தெரியல, தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு. கெழவிதானே, நம்புவார்.

ஹே-சுக்: இப்பதானே 'ஆமா'ன்னீங்க!

கிகுயே: மாத்திக்கிட்டேன். அங்க ஒருத்தி மெத்தைய மடிச்சு வெச்சுக்கிட்டு, அதத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. அவகிட்டேர்ந்து இவளப் புடுங்கவா நான்? வெறுங்கையோட நடந்து பாத்தவம்மா நான். இன்னொருத்திக்கு அது வேண்டாம்.

ஹே-சுக்: பெரியம்மா, இருங்க, இருங்க...

கிகுயே: ஒண்ணு மட்டும் இவகிட்ட கேளு. பனி உருகினதும் நான் இவ ஊருக்கு வரலாமா? என் சாயோவ வாங்கிக்கிட்ட பொம்பளைய இனிமே நான் எங்க தேடுவேன்? வேற ஒருத்தி புள்ளைய வாங்கி வளத்தவ ஒருத்தி இருக்கா. அவ கையப் புடிச்சு ஒரு தடவ கண்ணுல ஒத்திக்கணும். அந்த வாதுமை மரத்துக்கும் ஒரு ஊதுவத்தி ஏத்தணும்.

ஹே-சுக்: பெரியம்மா... மெத்த விஷயம், மரத்து விஷயம், எதையும் நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே.

கிகுயே: நீ சொல்லல.

ஹே-சுக்: அப்ப?

கிகுயே: மஞ்சூரியாவுல சந்தையில ஏழு வருஷம் காய் வித்தவம்மா நான். சீனத்துல பேரம் பேசினா எங்கிட்ட ஜெயிக்க ஆளே கெடையாது.

ஹே-சுக்: உங்களுக்குச் சீனம்... காலையிலேர்ந்து அவங்க பேசின எல்லாம்...

கிகுயே: எல்லாம்.

ஹே-சுக்: கடவுளே! குய்லான் அக்கா, கேளுங்க, இவங்களுக்கு நீங்க பேசினது பூரா புரிஞ்சிருக்கு! இவங்க இப்ப என்ன சொன்னாங்கன்னா...

குய்லான்: வரச் சொல்லு. பனி உருகினா ரோடு சேறா இருக்கும், கால் வழுக்கும். மரம் பூக்கற சமயத்துல வரட்டும். நியாங் சந்தோஷப்படுவா.

ஹே-சுக்: நான் இன்னும் அத உங்க பாஷையில சொல்லவே... அக்கா. நீங்க இப்ப பேசினது ஜப்பான் பாஷை!

குய்லான்: சரியாப் பேசினேனா? ரேடியோ பாடத்துல கத்துக்கிட்டது. மூணு குளிர்காலம், சமையக்கட்டுல. என்னத் தேடி யாராவது வந்தா 'வாங்க, உக்காருங்க'ன்னாவது சொல்லத் தெரிய வேண்டாமா?

கிகுயே: நல்லாப் பேசறே. 'வழுக்கும்'ங்கறதக் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்.

ஹே-சுக்: அப்ப எடது கால், வலது கால்...

குய்லான்: காதுல விழுந்துது.

ஹே-சுக்: ரெண்டு பேரும் சேந்து காலையிலேர்ந்து என் உசுர வாங்கினீங்களே! எனக்குத் தொண்ட வத்திப் போச்சு. நேராவே பேசித் தொலைச்சிருக்கலாமே, நடுவுல நான் எதுக்கு?

கிகுயே: நேரா அவ கண்ணப் பாத்து 'நீதான் என் பொண்ணு'ன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வராதும்மா. நீ நடுவுல இருந்ததாலதான்...

ஹே-சுக்: இருந்ததாலதான்?

குய்லான்: இருந்ததாலதான் ஹே-சுக், காலையிலேர்ந்து இப்ப வரைக்கும் இவங்களுக்குப் பொண்ணு உசுரோட இருந்தா. எனக்கு, என்னப் பெத்தவ.