பச்சைக் கவுன்

– கதவைத் தொற, விம்பாய். உள்ளதான் இருக்கன்னு தெரியும்.

– தொறந்துதான் இருக்கு, தேத்தே. நாத்தனாருக்குப் பூட்டுவேனா? தள்ளுங்க.

– அடிப்பாவி, இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கியா! கவுன் மடிச்ச மடிப்போட கிடக்கு. தொப்பி கிடக்கு. வெளியில மேளம் அடிக்கறவனுக்குக் கை ஓஞ்சு போச்சு. எழுந்திரு.

– நான் போடல.

– என்னது?

– அத்தையோட கவுனை நான் போட மாட்டேன். வேற எந்த வேலை வேணும்னாலும் குடுங்க. தண்ணி தூக்கறேன். வந்திருக்கற அவ்வளவு பேருக்கும் களி கிண்டறேன்.

– களி கிண்ட ஊர்ல ஆள் இருக்கு. செத்தவங்க துணியைப் போட்டுக்கிட்டு, அவங்க மாதிரியே நடந்து, பேசி, அழுதுட்டிருக்கறவங்களைச் சிரிக்க வைக்கறதுக்கு மூத்த மருமகதான் வேணும். எங்கம்மா அவங்க மாமியாரை நடிச்சப்போ, பொடி போட்டுத் தும்மின தும்மல்ல பெட்டி தூக்க வந்தவங்க பெட்டியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்களாம்.

– தெரியும். என்கிட்டயும் சொல்லியிருக்காங்க.

– பின்ன என்ன?

– லவ்னெஸ் செய்யட்டும். அவளும் மருமகதானே.

– சின்ன மருமக. இந்த வீட்டு மக்காச்சோளத்தை இன்னும் ஒரு தடவைகூட அவ ஒடிக்கல. எங்கம்மா எப்படி நடப்பாங்கன்னு அவளுக்கு என்ன தெரியும்?

– கடைசியில அவங்க நடக்கவே இல்லையே, தேத்தே.

– குத்திக் காட்டறியா?

– நடந்ததைச் சொன்னேன்.

– இல்ல, குத்தற. நான் வரலன்னு குத்தற. எனக்குப் பேப்பர் கிடையாது. ஒரு தடவை எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தா, திரும்ப ஜோகன்னஸ்பர்க் போக முடியாது. அங்க நான் அடுத்தவங்க வீட்டுல தரை துடைச்சுத்தான் இந்த வீட்டுக்குத் தகரக் கூரை வந்துச்சு. உன் புள்ள பள்ளிக்கூடம் போறான். சர்க்கரை, எண்ணெய், கம்பளி, எல்லாம் பஸ்ல யார் ஏத்தி விட்டா?

– நீங்கதான்.

– இந்தக் கவுன்?

– அதுவும் நீங்கதான்.

– இப்ப வந்துட்டேன். வேலையும் போச்சு, எல்லாம் போச்சு. ஆனா வந்துட்டேன்ல?

– வந்துட்டீங்க. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க.

– நாக்கைப் பாரு இவளுக்கு!

– அக்கா, தேத்தே, நான் லவ்னெஸ். எட்டிப் பாக்கலாமா?

– பாத்துட்டுதானே கேக்கற. என்ன?

– சின்ன மாமனார் கேக்கறாரு, கிழவி இன்னும் புறப்படலையான்னு. குழி வெட்டியாச்சு, வெயில் ஏறுதாம். நான் அவரு நொண்டற மாதிரியே நொண்டிக் காட்டினேன் தேத்தே, அவரே சிரிச்சுட்டாரு. ஆனா எல்லாரும் விம்பாய் அக்கா எங்க, விம்பாய் அக்கா எங்கன்னுதான் கேக்கறாங்க.

– போய் இன்னும் கொஞ்சம் நொண்டு.

– கால் வலிக்குது, தேத்தே.

– அப்ப நல்லாவே வரும். போ... கேட்டியா, விம்பாய்? ஊர் வாயைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? மூத்தவ வெளியில வரலன்னா என்ன பேசுவாங்க? மாமியாரைப் பட்டினி போட்டே கொன்னுட்டா, அதான் துணியைத் தொடப் பயப்படறான்னு பேசுவாங்க. கடைசி வரைக்கும் நீ இந்த ஊர்லதான் தண்ணி எடுத்தாகணும்.

– பேசட்டும்.

– நானும் அதையேதான் நினைக்க வேண்டி வரும்.

– நீங்க வந்தப்பவே நினைச்சாச்சு. அதுக்குத்தானே நேத்து பானை மூடியெல்லாம் தொறந்து பாத்தீங்க.

– ஆமா, பாத்தேன். ஏன் பாக்க மாட்டேன்? ஒரு வருஷமா எங்கம்மா என்கூடப் பேசல. போன் பண்ணா "யாரு?"ன்னு கேப்பாங்க. "நான் சேகாய்ம்மா"ன்னு சொல்லி முடிக்கல, கட் ஆயிடும். பெத்த பொண்ணு குரலைக் கேட்டதும் எந்தத் தாயாவது போனை வெப்பாளா? நீ என்ன ஓதின அவங்க காதுல?

– ஒண்ணும் ஓதல.

– போனைக் காதுல புடிச்சது யாரு? நீ. கட் பண்ணது யாரு?

– நான்தான்.

– ஒத்துக்கறியே!

– அவங்க பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்.

– பொய். எங்கம்மா அப்படிச் சொல்லவே மாட்டாங்க.

– சரி சரி சரி.

– என்ன... என்னடி அது? அந்த "சரி சரி சரி" என்னோடது. தலையை ஒரு பக்கமா வெட்டறியே, அதுவும் என்னோடது. செத்தவங்களை நடிக்கச் சொன்னா, உசிரோட முன்னால நிக்கறவளை நக்கல் பண்றியா?

– நக்கல் இல்ல. வாயில வந்துடுச்சு. பழகிப்போச்சு.

– என்ன பழக்கம் அது?

– விடுங்க, தேத்தே.

– விடறேன். எல்லாத்தையும் விடறேன். போனை விடறேன், ஊரையும் விடறேன். நாத்தனாரா இல்ல, மகளா ஒண்ணு கேக்கறேன். ராத்திரி முழுக்கப் பெட்டி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அது எங்கம்மா மூஞ்சியா? தோலும் எலும்பும். எனக்கு அவங்க நடக்கறதைப் பாக்கணும். ஒரு கையை இடுப்புல ஊனிக்கிட்டு, கோழிங்களைத் திட்டிக்கிட்டே கிணத்தடிக்குப் போவாங்களே, அது. அங்க தரை துடைக்கறப்போ கண்ணை மூடி மூடிப் பாப்பேன். மூஞ்சி வரும், நடை வராது. எனக்கு மறந்து போச்சு, விம்பாய். இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தவ நீ. உன் உடம்புலதான் அது இருக்கு. ஒரே ஒரு தடவை.

– ஐயோ, என்ன பண்றீங்க? எழுந்திருங்க. நான்தான் உங்களுக்கு முட்டி போடணும், நீங்க எனக்குப் போடக் கூடாது.

– அப்ப கவுனைப் போடு.

– நீங்க கேக்கற நடை என்கிட்ட இல்ல, தேத்தே. ஒரு வருஷமா நான் வேற ஒருத்தரைத்தான் நடிச்சுக்கிட்டிருந்தேன்.

– யாரை?

– உங்களை.

– என்ன உளர்ற?

– பக்கவாதம் வந்தப்பறம் அவங்களுக்கு என்னை யாருன்னு தெரியல. ஒரு நாள் காலைக் கழுவி விட்டுட்டிருந்தேன். "சேகாய், வந்துட்டியா"ன்னாங்க. இல்ல அத்தை, விம்பாய்ன்னேன். அழ ஆரம்பிச்சாங்க பாருங்க, மறுநாள் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. கஞ்சி எறங்கல. அப்பறம் திரும்பவும் அதையே கேட்டாங்க. "வந்துட்டேம்மா"ன்னேன். கிண்ணம் காலியாச்சு.

– நீ... நானாவா?

– நீங்க அனுப்புன தலைத்துணியைக் கட்டிக்குவேன். போன்ல நீங்க பேசறதைத்தான் கேட்டிருக்கேனே. "சரி சரி சரி, முதல்ல சாப்பிடும்மா, அப்பறமா சண்டை போடலாம்." உடனே சிரிப்பாங்க. அந்த நேரத்துல உங்க போன் வந்தா அவங்க காதுல வெப்பேன். "எவளோ ஒருத்தி சேகாய்னு பொய் சொல்லிக்கிட்டு அலையறா, கட் பண்ணு. நீ இங்க இருக்கறப்ப அங்க எப்படி ஒரு சேகாய் இருப்பா?"ம்பாங்க.

– என்கிட்ட ஏன் சொல்லல?

– என்னன்னு சொல்ல? நீங்க இங்க இருக்கீங்க, அதனால உங்களோட பேச மாட்டாங்கன்னா?

– கடைசியிலயாவது... கடைசியில என்னைக் கேட்டாங்களா?

– இல்ல. கூடவே இருக்கறவங்களை யார் கேப்பா? என்னைப் பத்திதான் பேசுவாங்க. தினமும். உங்ககிட்ட.

– என்ன பேசுவாங்க?

– "அந்த விம்பாய் கை பட்டா களியும் தண்ணியாயிடுது. என் கடலை விழுதைத் திருடித் திங்கறா. நடையைப் பாரு, அடிபட்ட வாத்தாட்டம். உன் தம்பி கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கிட்டு வந்தான்."

– நீ என்ன சொல்லுவ?

– ஆமாம்மா, அவ அப்படித்தாம்மான்னு சொல்லுவேன். சொன்னா ஒரு வாய் வாங்குவாங்க. இன்னும் கொஞ்சம் திட்டினா இன்னொரு வாய். என்னை நானே திட்டித் திட்டித்தான் ஊட்டினேன், தேத்தே.

– மனசுல வெச்சுக்காத. அது அவங்க இல்ல. நோவு.

– நோவுக்கு முன்னாடியும் அதையேதான் சொன்னாங்க. அப்ப என் முதுகுக்குப் பின்னாடி சொன்னாங்க. அவ்வளவுதான்.

– அப்படின்னா அதுக்காகவாவது போடு. இன்னிக்கு மருமக நாள். பொணத்துக்கு முன்னாடி நின்னு நீ என்ன சொன்னாலும் ஒருத்தரும் கோச்சுக்க முடியாது. என் அம்மாவைக் கிழி. அவங்க உன்னைத் திட்டின மாதிரியே ஊர் முன்னால திட்டிக் காட்டு. நான் முதல் ஆளா உட்கார்ந்து சிரிக்கறேன். கையை நீட்டு, நானே மாட்டி விடறேன்.

– முடியாது. சத்தியம் இருக்கு.

– என்ன சத்தியம்?

– போன ஞாயித்துக்கிழமை இந்தக் கவுனைக் கேட்டாங்க. மடியில வெச்சு ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தாங்க. "சேகாய், நான் போனப்பறம் இதை அந்த விம்பாய் உடம்புல ஏற விடாத. என்னை நடிச்சு ஊரைச் சிரிக்க வைக்க அவ யாரு? சத்தியம் பண்ணு"ன்னு கையை நீட்டினாங்க.

– புத்தி கலங்கினவங்களுக்குப் பண்ணின சத்தியமெல்லாம் ஒரு சத்தியமா? மீறு. அதனால உன்மேல ஒண்ணும் வராது.

– என்மேல எப்படி வரும்? என்னை அவங்க கேக்கவே இல்லையே. சத்தியம் பண்ணினது நீங்க, தேத்தே.