மாப்பிள்ளை கார் வரும் வரை

திருப்போரூர் பேருந்தில் முன் இருக்கையில் கல்யாண பேண்டு செட் சட்டையோடு ஓர் அப்பா, மடியில் ட்ரம்பெட் பெட்டி. பக்கத்தில் மகள், கையில் கல்லூரி விண்ணப்பம். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ஊதறதுக்கு மூணு வருசம் டிகிரியா? இன்னாம்மா இது பேஜாரு?”

“ஜாஸ்னு பேருப்பா, அமெரிக்கா மியூசிக். மொதல்ல பாட்ட வாசிப்பாங்க. அப்பால அவங்கவங்களுக்குத் தோணுறத அங்கியே ஊதுவாங்க. கடைசில பாட்டுக்கே திரும்பி வந்துடணும்.”

“மாப்ள காரு லேட்டானா ஊர்வலத்துல நான் அத்ததானே பண்ணிகினுகீறேன்?”

“அதுக்குத்தான்பா டிகிரி.”

அவர் பெட்டியை மெல்லத் தடவினார்.

“அப்ப நானும் படிச்சவனா?”

மகள் பேனாவை நீட்டினாள். வண்டி அடுத்த நிறுத்தத்தில் நிற்கும்வரை காத்திருந்து, முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகப் போட்டார்.