முழு முடியோடு இருந்தவள்

சுண்டெலிக் கூண்டில் தண்ணீர்ப் புட்டியின் முனையைத் தினமும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் சின்ன உருண்டை அடைத்துக்கொண்டால் புட்டி நிறையத் தண்ணீர் தெரியும். எலிக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. எங்கள் வீட்டில் இதைத் தவறாமல் செய்தது நான்தான். என் மனைவியைக் கேட்டால் அவளும் மறுக்கமாட்டாள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், டாக்டர். விலங்கு மருத்துவமனைக் கோப்பில் வைக்கவேண்டும் என்றீர்கள். என் மைத்துனன் உங்கள் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நல்ல பல் வரிசை அவனுக்கு. வீணாகத் தேய்த்துக்கொள்கிறானே என்று வருத்தமாக இருந்தது. பல்செட் செய்வது என் தொழில் என்பதால் இதெல்லாம் கண்ணில் படும்.

வீட்டின் பின்னறைதான் என் பட்டறை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவேன். பகல் முழுவதும் முகம் தெரியாத வாய்களோடு இருப்பேன். அவை பேசுவதில்லை. மாலை ஆறு மணிக்கு மனைவி அலுவலகத்திலிருந்து வருவாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொடங்கிவிடுவாள்: மேலதிகாரி யார்மீது எரிந்து விழுந்தார், லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது, பக்கத்து மேசைக்காரி யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ‘ம்’ கொட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக ‘ம்’ கொட்டியிருக்கிறேன். பெரிதாகக் காதில் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எனக்கென்று வந்த பேச்சு.

அந்தப் பக்கத்து மேசைக்காரி மாற்றலாகிப் போனபோது நான்கு பெண் சுண்டெலிகளை என் மனைவி தலையில் கட்டிவிட்டுப் போனாள். அக்கா தங்கைகள். பட்டாணி, சுருட்டை, தூங்குமூஞ்சி, மந்திரி என்று என் மனைவி பேர் வைத்தாள். மந்திரி மட்டும் கறுப்பு. மற்ற மூன்றும் தட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் சாப்பிட வருவாள். எனக்கு எலிகள்மேல் எந்த வெறுப்பும் இல்லை. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் என் மனைவி வந்ததும் நேராகக் கூண்டுக்குப் போகத் தொடங்கினாள். ஒருநாள் அதன்முன் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சிரிப்பு?” என்றேன்.

“அதாங்க, மேனேஜர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கதை. உங்ககிட்ட சொன்னேனே.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“சொன்ன மாதிரி இருந்துச்சு. விடுங்க, சாதாரண விஷயம்தான்.”

என்னிடம் சொல்லவில்லை. அவற்றிடம் சொல்லியிருக்கிறாள். அவை ‘ம்’ கூடக் கொட்டுவதில்லை.

அடுத்த வாரம் பட்டாணியின் முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்கு முடி போயிருந்தது.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு.”

பல வாரம் கழித்து அவள் குரலில் அந்த ‘என்னங்க’ திரும்பியிருந்தது. கையில் இருந்த கடைவாய்ப்பல்லை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அதன்பின் வந்த ஆறு வாரங்களைப் பற்றி நான் பெருமையாகவே எழுதுவேன். நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துவந்து படித்தேன். வாசனையுள்ள மரத்தூள் தோலை அரிக்கும் என்று அதைக் கொட்டிவிட்டுக் காகிதத் துண்டுகளைப் பரப்பினோம். சூரியகாந்தி விதை கொழுப்பு என்று குறைத்தோம். சமையலறைத் தராசில் நான்கு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தேன். அவள் எடையை எழுதிக்கொண்டாள். கண்ணோரம் சிவப்பாகக் கசிகிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா, பல் நீண்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்தோம். பல் விஷயத்தில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தோளோடு தோள் உரச, ஒரே விளக்கடியில் ஆறு வாரம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் வாரத்தில்கூட அப்படி இல்லை.

எலிக்கு முடி சீக்கிரம் முளைத்துவிடும். பட்டாணி மூன்றே வாரத்தில் பழையபடி ஆனாள். அன்று மாலை என் மனைவி கூண்டு முன்னால் உட்கார்ந்து அவளோடு கொஞ்ச ஆரம்பித்தாள். மறுநாள் சுருட்டையின் தோள்பட்டையில் முடி இல்லை. அடுத்து தூங்குமூஞ்சி, பிறகு மறுபடி பட்டாணி.

முடியைக் கத்தரித்தது நான்தான் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சுற்றி வளைப்பதில் பயனில்லை. மெழுகு நறுக்க ஒரு வளைந்த கத்தரி வைத்திருக்கிறேன், நகத்தைவிடச் சிறிய முனை. பகலில் வீட்டில் நான் மட்டும்தான். ஒரு துளி ரத்தம் வந்ததில்லை. கூலிக்கு முடி வெட்டுகிறவர்கள் யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யமாட்டார்கள்.

உங்களிடம் கொண்டுவந்தோம். நீங்கள் தோலைச் சுரண்டி லென்ஸில் பார்த்தீர்கள். சிற்றுண்ணி இல்லை, படை இல்லை. பிறகு நீங்களே வழி சொன்னீர்கள். நான் யோசித்திருக்கமாட்டேன்.

“கூட்டமா இருக்கிற எலிங்கள்ல ஒண்ணு மத்ததோட முடியையும் மீசையையும் கடிச்சுக் கடிச்சு மழிச்சிடும்” என்றீர்கள். “யாருக்கு முடி முழுசா இருக்கோ, அவதான் பண்றவளா இருப்பா.”

மந்திரிக்குத்தான் முடி முழுசாக இருந்தது. காரணம் எளிது: அவள் என்னைக் கடிப்பாள். இரண்டு முறை கடித்தாள். மூன்றாம் முறை நான் முயலவில்லை.

மீசை என்று நீங்கள் சொன்னதால் மறுநாள் தூங்குமூஞ்சியின் மீசையையும் எடுத்தேன். நீங்கள் சொன்ன நோய்க்கு அடையாளம் பொருந்தவேண்டும் அல்லவா. மீசைதான் எலிக்கு வழி காட்டும் என்று பிறகு படித்தேன். அவள் சில நாள் தட்டில் முட்டிக்கொண்டு நடந்தாள். என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

மந்திரியைத் தனிக் கூண்டில் போட்டோம். என் மனைவிக்கு மனமே இல்லை.

“பாவங்க, இவ முகத்தைப் பாத்தா அப்படிப் பண்றவ மாதிரியா இருக்கு?”

“முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்றேன்.

நான்காம் நாள் மந்திரி சாப்பாட்டை நிறுத்தினாள். முதுகைக் கூனி, முடி சிலிர்த்து, அரைக்கண் மூடி மூலையில் உட்கார்ந்தாள். மற்ற மூன்றும் இருந்த கூண்டின் பக்கமாகவே உட்கார்ந்தாள். பெண் எலிகள் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை. உங்களிடம் கேட்கச் சொன்னாள். தொலைபேசியில் கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது: “சாப்பிடலைன்னா உடனே மத்தவங்களோட சேர்த்திடுங்க. தனிமை தாங்காது. முடி போனா முளைக்கும்.”

பட்டறையிலிருந்து வெளியே வந்து என் மனைவியிடம், “இன்னும் பத்து நாள் தனியாத்தான் இருக்கணுமாம். பிடிவாதம் பிடிக்குமாம், நாம இளகக்கூடாதாம்” என்றேன்.

அவள் நம்பினாள். டாக்டர் சொன்னால் நம்புவாள். பத்து நாள் என்று சொன்னேனே தவிர, மந்திரி ஏழு நாள்தான் இருந்தாள். தினமும் மாலை நாங்கள் இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ஊறவைத்த தானியத்தை விரல் நுனியில் நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அப்பா இறந்தபோதுகூட அவள் தம்பி தோளில்தான் சாய்ந்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது, பொறுத்துக்கொண்டேன்.

புத்தியுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். நானும் நிறுத்தினேன், ஒரு மாதம். மூவருக்கும் முடி பளபளவென்று வளர்ந்தது. “மந்திரிதான் போல” என்று என் மனைவி ஒரே ஒருமுறை சொன்னாள், அதையும் மெதுவாக. பிறகு கூண்டு முன்னால் போய் உட்கார்ந்து, புது டைப்பிஸ்ட் காலையில் என்ன சொன்னாள் என்று மூன்று பேருக்கும் சொல்ல ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சரியான இடத்தில் ‘ம்’ கொட்டினேன். அவள் திரும்பிப் பார்த்து, “உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லையா?” என்றாள். எரிச்சலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுருட்டையின் முதுகில் மறுபடி முடி போனது. இந்த முறை என் மனைவி என்னைக் கூப்பிடவில்லை. தனியாக உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் முடியின் நுனியை லென்ஸில் வைத்துப் பார்த்து, பல்லால் கடித்தால் பிசிராக இருக்கும், இது நேராக வெட்டியது என்றீர்களாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டீர்களாம். இரண்டு பேர் என்று சொன்னாளாம்.

வீட்டுக்கு வந்து பட்டறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“மந்திரி ஒண்ணும் பண்ணலை, இல்ல?”

“இல்ல” என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

“டாக்டர் அன்னிக்கி போன்ல என்ன சொன்னாங்க?”

சொன்னேன். அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். அவள் திரும்பிக் கூண்டுக்குப் போனாள். அப்புறம் மூன்று எலிகளையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். நான் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

ஆகவே, டாக்டர்: முடியைக் கத்தரித்தவன் நான். மீசையை எடுத்தவன் நான். ஒரு பாவமும் அறியாத எலியின்மேல் பழியைப் போட்டு, காப்பாற்றும் வழி தெரிந்தும் மறைத்து, அதைச் சாகவிட்டவன் நான். கீழே கையெழுத்து இருக்கிறது.

ஆனால் என்னை மனைவியைப் பிரிந்து தவிப்பவன் என்று யாரும் எழுதவேண்டாம். நேற்று அவள் துணிமணி எடுக்க மைத்துனன் வந்தான். வாசலிலேயே நின்று, “விடிஞ்சு எழுந்தா அக்கா வாயில உங்க பேச்சைத் தவிர வேற பேச்சே இல்ல. போதுமா அத்தான்?” என்றான்.

இருபத்திரண்டு வருடமாக இதைத்தானே கேட்டேன். போதும் என்றேன்.